வீட்டுல மரத்தவளை வளர்க்கணுமா? டேங்க்ல இருந்து டாக்டர் வரைக்கும் முழு வழிகாட்டி

மொதல்லயே சொல்லிடறேன், இந்த வழிகாட்டில தவளை வாங்குற கட்டம் பாதிக்கு அப்புறம்தான் வரும். அதுக்குக் காரணம் இருக்கு. தவளையை டப்பால போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துட்டு அப்புறமா டேங்க் செட் பண்றவங்கதான் ஜாஸ்தி, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், மூணே வாரத்துல வயித்துல செகப்பா திட்டு வந்து டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுனேன். அந்த பில்லு தொகையில இன்னொரு நல்ல டேங்கே வாங்கிருக்கலாம்.

நான் இருக்கிறது இங்கிலாந்துல, சொந்த ஊரு மதுரை. நான் வளர்க்கிறது ஒயிட்ஸ் ட்ரீ ஃப்ராக். பேரைக் கேட்டு வெள்ளையா இருக்கும்னு நினைக்காதீங்க, பச்சைப்பசேல்னு இருக்கும். ஒயிட்டுங்கிறது ஒரு ஆளு பேரு. ஜான் ஒயிட்னு, ஆஸ்திரேலியாவுக்கு முதல்முதலா போன பிரிட்டிஷ் கப்பல்கள்ல இருந்த டாக்டரு, 1790ல வந்த அவரோட பயணக் குறிப்புலதான் இந்தத் தவளையைப் பத்தி முதல்ல எழுதுனாங்க. சாராயத்துல ஊறப்போட்டு அனுப்புன உடம்பு நிறம் மாறி நீலமா போயிட்டதால, லத்தீன்ல நீலம்னு அர்த்தம் வர்ற மாதிரி கேருலியான்னு பேரும் வச்சிட்டாங்க. பச்சைத் தவளைக்கு வெள்ளைக்காரன் பேரு, நீலம்னு அறிவியல் பேரு, போகட்டும்.

சொந்த இடம் ஆஸ்திரேலியாவோட வடக்கு, கிழக்குப் பகுதியும் நியூ கினியோட தென்பகுதியும். அங்க வீட்டு லெட்டர் பாக்ஸ்ல, மழைத்தண்ணி பைப்புக்குள்ள, டாய்லெட்ல எல்லாம் உக்காந்திருக்கும், மனுஷன் பக்கத்துல இருந்து பழகுனது. நல்லா வளர்ந்த பொண்ணு 10 செ.மீ. வரைக்கும் வரும், ஆணு கொஞ்சம் சின்னது. அமைதியான ஜந்து, புதுசா வளர்க்குறவங்களுக்கு ஏத்தது. ஆனா ஒண்ணை நல்லா யோசிச்சுக்கோங்க, ஒழுங்கா பாத்துக்கிட்டா 15 வருஷம், சிலது 20 வருஷம் கூட இருக்கும். இன்னைக்கு எல்கேஜி படிக்கிற பையன் கேட்டான்னு வாங்குனா அவன் காலேஜ் போற வரைக்கும் வெட்டுக்கிளி வாங்கிப் போடப்போறது நீங்கதான்.

சட்டம் பத்தி ரெண்டே வரி. இங்கிலாந்துல இந்தத் தவளைக்கு லைசென்ஸ் வேண்டாம், ஆனா 2006 விலங்கு நலச் சட்டப்படி அதை ஒழுங்கா வச்சிக்க வேண்டியது உங்க பொறுப்பு. ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ் மாதிரி மாநிலங்கள்ல லைசென்ஸ் வேணும். ஊர்ல இருந்து என் மச்சான் போன் பண்ணி "மாமா, எங்க பாத்ரூம்ல ஒரு மரத்தவளை இருக்கு, புடிச்சு தொட்டில போட்டு வளக்கட்டுமா"ன்னு கேட்டான். வேணாம்டான்னுட்டேன். காட்டுத் தவளையைப் புடிச்சு அடைச்சா அது பயத்துல சாப்பிடாமயே போய்ச் சேரும், அதுவுமில்லாம அது பாத்ரூம்ல இருந்து கொசுவைத் தின்னுட்டு உங்களுக்கு உபகாரம்தான் பண்ணுது, விட்டுருங்க.

தோலை மட்டும் புரிஞ்சுக்கோங்க

கீழ சொல்லப்போற முக்காவாசி விஷயத்துக்கு ஒரே காரணம்தான், தோலு. தவளை வாயால தண்ணி குடிக்காது. தொடைக்கு நடுவுல வயித்துக்கு அடியில ஒரு தோல் பகுதி இருக்கு, ஈரத்துல உக்காந்து அது வழியா உறிஞ்சிக்கும். மூச்சுல ஒரு பங்கும் தோல் வழியாத்தான் நடக்குது. அப்ப தண்ணில குளோரின் இருந்தா அதுவும் உள்ள போகுது, உங்க கையில சோப்பு இருந்தா அதுவும் போகுது, ரூம்ல கொசு ஸ்ப்ரே, ரூம் ஃப்ரெஷ்னர் அடிச்சீங்கன்னா அதுவும் போகுது. நமக்கு உடம்பு பூரா நாக்கா இருந்தா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க, அதான் தவளை.

டேங்க்

பெரிய தவளை ஒண்ணு ரெண்டுக்கு 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம், 60 செ.மீ. உயரம் உள்ள கண்ணாடி டெர்ரேரியம். மூணு வரைக்கும் கூட சமாளிக்கலாம், ஆனா அதுக்கு மேல வேண்டாம். இது மரம் ஏறுற தவளை, அதனால உயரம் முக்கியம், மீன் தொட்டியைத் திருப்பி வச்சு அட்ஜஸ்ட் பண்ண வேண்டாம். முன்பக்கம் கதவு திறக்குற மாதிரி, மேல கம்பி வலை உள்ளதா பாருங்க. மேல இருந்து கை வந்தா பறவை வந்து கொத்துற மாதிரி அதுக்குத் தோணும், முன்பக்கமா கை வந்தா அவ்வளவு பயப்படாது. விரல்கடை அளவு குட்டித் தவளையா இருந்தா 30க்கு 30க்கு 45 போதும், ரொம்பப் பெருசுல போட்டா பூச்சி எங்க இருக்குன்னே கண்டுபிடிக்காது.

கதவை சரியா மூடுனீங்களான்னு ஒவ்வொரு தடவையும் பாருங்க. விரல் நுனில வட்டமா ஒட்டுற மெத்தை இருக்கறதால கண்ணாடில சும்மா லிஃப்ட்ல போற மாதிரி ஏறும். எங்க வீட்ல ஒரு ராத்திரி காணாமப் போயி, காலைல கர்ட்டன் கம்பி மேல தூங்கிக்கிட்டு இருந்துச்சு, மேலெல்லாம் தூசி.

டேங்கை வைக்கிற இடம்: நேரா வெயில் படுற ஜன்னல் ஓரம் கூடாது, கண்ணாடிப் பெட்டி அரை மணி நேரத்துல அடுப்பா மாறிடும். சமையலறை வேண்டாம், தாளிப்புப் புகை. டிவி ஸ்பீக்கர் பக்கத்துலயும் வேண்டாம்.

அடியில 4 செ.மீ. உயரத்துக்கு களிமண் உருண்டை, செடிக் கடையில கிடைக்கும், அதுக்கு மேல வலைத்துணி, அதுக்கு மேல 6-7 செ.மீ. தேங்காய் நார்த்தூள். அதிகமான தண்ணி கீழ உருண்டைக்குள்ள வடிஞ்சிடும், மேல மண்ணு சொதசொதன்னு ஆகாது. கூழாங்கல், மீன் தொட்டி ஜல்லி, மரச்சீவல் எதுவும் போடாதீங்க. பூச்சியைப் பாஞ்சு கவ்வும்போது கல்லையும் சேத்து முழுங்கிடும், குடல்ல அடைச்சா ஆபரேஷன்தான். இந்த வேலையெல்லாம் வேண்டாம்னா வெறும் கிச்சன் டவலை நனைச்சு விரிங்க, பாக்க அசிங்கமா இருக்கும், ஆனா தவளைக்கு ஒண்ணும் குறையில்ல, முதல் மாசத்துக்கு அதுதான் நல்லதும் கூட.

ஏறி உக்கார கட்டை வேணும், உங்க மணிக்கட்டு தடிமனுக்கு இருக்கட்டும். குண்டு ஜந்து, குச்சிக் கிளையெல்லாம் தாங்காது. கார்க் மரப்பட்டை குழாய் மாதிரி கிடைக்கும், அதை நிமிர்த்தி வச்சா பகல் பூரா அதுக்குள்ள ஒட்டிக்கிட்டுத் தூங்கும். செடின்னா மணி பிளான்ட்டை அடிச்சிக்க ஆள் இல்ல, ஒடிச்சாலும் நசுக்கினாலும் திரும்ப வரும். கடையில வாங்குன செடியை அப்படியே வைக்காதீங்க, பூச்சி மருந்து அடிச்சிருப்பான், வேர்ல இருக்குற மண்ணையெல்லாம் கழுவிட்டு, இலையையும் கழுவி, வேற மண்ணுல ஒரு மாசம் வெளிய வச்சிட்டு அப்புறம் உள்ள வைங்க.

சூடு, வெளிச்சம்

இங்க குளிர்காலத்துல ராத்திரி ஹீட்டரை ஆஃப் பண்ணா வீடு 16 டிகிரிக்கு வந்துடுது, அதனால இந்தப் பகுதியை கவனமா படிங்க. டேங்கோட மேல் மூலைல ஒரு இடம் பகல்ல 28 முதல் 30 டிகிரி செல்சியஸ், மத்த இடம் 24-26, ராத்திரி 18-20க்குக் கீழ போகாம இருக்கணும். எல்லா இடமும் ஒரே சூடா இருக்கக் கூடாது, வேணும்னா கிட்டப் போகும், வேண்டாம்னா தள்ளிப் போகும், அந்தச் சாய்ஸ் தவளைகிட்ட இருக்கணும்.

சூட்டுக்கு வலைக்கு மேல, வெளிய, கம்மி வாட்ஸ் பல்பு. உள்ள வைக்கவே கூடாது, ஏறி ஒட்டிக்கும், வெந்து போகும். ராத்திரி சூடு வேணும்னா வெளிச்சம் வராத செராமிக் ஹீட்டர். ஹீட் மேட்டை அடியில ஒட்டச் சொல்லி கடையில சொல்வாங்க, இது தரையில இருக்குற ஜந்து இல்லையே, அதனால பின்பக்கக் கண்ணாடில வெளிப்புறமா ஒட்டுங்க. எதுவா இருந்தாலும் தெர்மோஸ்டாட், அதாவது சூடு அளவைத் தாண்டாம பாத்துக்குற கருவி, இல்லாம பிளக் சொருகாதீங்க. இதுல மட்டும் காசு மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம்.

யூவிபி, அதாவது வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிர்ல ஒரு வகை, அந்த லைட் வேணுமா வேண்டாமான்னு பல வருஷமா சண்டை. ராத்திரி ஜீவன்தானே எதுக்குன்னு கேப்பாங்க. ஆனா பகல்ல இலை மேல தூங்கும்போது அதுக்கும் வெயில் கொஞ்சம் படத்தானே செய்யுது, விட்டமின் டி3 அதுலதான் உண்டாகுது, கால்சியம் எலும்புல சேர அது வேணும். நான் 5 சதவீத டியூப் ஒண்ணு போட்டிருக்கேன், வலைக்கு மேல, பகல்ல 12 மணி நேரம் டைமர்ல. நிழல் வேணும்னா ஒதுங்க இலை இருக்கு. யூவிபி கண்ணாடி வழியா வராது, அதனால ஜன்னல் வெளிச்சம் கணக்குல சேராது. டியூப் எரிஞ்சிக்கிட்டே இருந்தாலும் வருஷம் ஒரு தடவை மாத்திடுங்க, வெளிச்சம் இருக்கும், யூவிபி குறைஞ்சிருக்கும்.

தண்ணியும் ஈரமும், நான் சொதப்புன இடம்

தவளைன்னா ஈரம்னு மண்டைல ஏறிப்போயிருந்துச்சு எனக்கு. தினம் ஆறு தடவை ஸ்ப்ரே அடிச்சேன். ஈரப்பதம் காட்டுற ஹைக்ரோமீட்டர் 90 சதவீதத்தைத் தாண்டி நின்னுச்சு, நான் சந்தோஷமா போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம்தான் வயித்துல செகப்புத் திட்டு. டாக்டரம்மா டேங்க் போட்டோவைப் பாத்துட்டு சொன்ன முதல் வார்த்தை, "இதைக் காய விடுங்க". இது வறண்ட மாசமும் பாத்துப் பழகுன ஜந்து, மேல ஒரு மெழுகு மாதிரி பூசிக்கிட்டு ஈரத்தைக் காப்பாத்திக்கும். எப்பவும் நசநசன்னு இருந்தா தோல்ல பாக்டீரியா கிளம்பும்.

அதனால கணக்கு இது: சாதாரணமா 50-60 சதவீதம். சாயங்காலம் ஒரு தடவை நல்லா ஸ்ப்ரே அடிங்க, 70-80 வரைக்கும் ஏறும், மறுநாள் மத்தியானத்துக்குள்ள கண்ணாடி காஞ்சிருக்கணும். காயலைன்னா காத்தோட்டம் பத்தல இல்ல தண்ணி அதிகம். பசங்களுக்கு விளையாட்டு ஸ்ப்ரே அடிக்கிறதுதான், பாட்டிலை ஒளிச்சு வைங்க.

உள்ள ஒரு அகலமான தண்ணிக் கிண்ணம் இருக்கணும், தவளை உக்காந்தா இடுப்பளவு ஆழம் போதும். இவங்க ஒண்ணும் பெரிய நீச்சல்காரங்க இல்ல. தண்ணிலயேதான் கக்கா போவும், அதனால தினம் மாத்தணும், மறக்காதீங்க. குழாய்த் தண்ணியைத் திறந்த பாத்திரத்துல ஒரு நாள் வச்சா குளோரின் போயிடும், ஆனா பல ஊர்ல இப்ப குளோரமைன் போடுறாங்க, அது ஒரு நாள்ல போகாது. மீன் கடையில டீகுளோரினேட்டர் பாட்டில் கிடைக்கும், குளோரமைனையும் சரி பண்ணும்னு லேபிள்ல இருக்கான்னு பாத்து வாங்குங்க, ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்துற தண்ணிக்கும் சேத்துப் போடுங்க. டிஸ்டில்ட் வாட்டர் சுத்தமாச்சேன்னு கிண்ணத்துல ஊத்தாதீங்க, அதுல உப்பே கிடையாது, தவளை உடம்புல இருக்குற உப்பை இழுத்துடும்.

இப்ப தவளையே இல்லாம ரெண்டு வாரம் இந்த டேங்கை ஓட விடுங்க. காலைல, சாயங்காலம், ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்தா அப்பவும் ஒரு தடவை சூடு, ஈரம் எழுதி வைங்க. நம்பர் நிலையா வந்தப்புறம் கடைக்குப் போங்க.

வாங்கும்போது

பண்ணைல பிறந்ததான்னு கேளுங்க, கேட்டே ஆகணும். இந்தோனேசியாவுல இருந்து காட்டுல புடிச்சு வர்றதும் விக்குது, விலை கம்மியா இருக்கும், வயித்துல புழுவோட வரும். கண்ணு தெளிவா இருக்கணும், தோல்ல புண்ணு கூடாது, மூக்கு நுனி தேஞ்சிருக்கக் கூடாது, இடுப்பு எலும்பு துருத்திக்கிட்டு இருக்கக் கூடாது. பகல்ல பழுப்பு நிறமா இருந்தா உடனே பயப்படாதீங்க, குளிருக்கும் பயத்துக்கும் நிறம் மாறும். எழுப்பி கையில வைக்கும்போது கையை உதறித் தாவணும், துவண்டு கிடந்தா வேணாம்.

ரெண்டு வாங்குனா ஒரே சைஸா வாங்குங்க. வாய்க்குள்ள போறது எல்லாமே சாப்பாடுன்னு நினைக்கிற ஜாதி இது, கூட இருக்குறவனையும் சேத்துத்தான். வீட்ல ஏற்கனவே தவளை இருந்தா புதுசை வேற ரூம்ல குறைஞ்சது ஒரு மாசம், முடிஞ்சா ரெண்டு மாசம் தனியா வைங்க. கிட்ரிட்னு ஒரு பூஞ்சை, தோலைத்தான் தாக்கும், அறிகுறியே தெரியாம வரும். உலகம் பூரா குறைஞ்சது 501 இனம் இதால குறைஞ்சு போச்சு, அதுல 90 இனம் மொத்தமா அழிஞ்சே போச்சுன்னு 2019ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. அதனாலதான் டேங்க் தண்ணியை தோட்டத்துல, குளத்துல ஊத்தாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிறோம். வளர்க்க முடியலைன்னாலும் வெளிய விட்டுடாதீங்க.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் தொந்தரவு பண்ணாதீங்க. மூணு நாலு நாள் சாப்பிடலைன்னாலும் பரவால்ல.

சாப்பாடு, அதாவது கெட்டுப் போற வழி

எங்க தவளை பேரு குண்டோதரன். மதுரைக்காரன் வேற என்ன பேரு வைப்பான், மீனாட்சி கல்யாணத்துல சோத்து மலையையே காலி பண்ணவரு ஆச்சே. பேரு வச்ச நேரமோ என்னமோ, போட்டதையெல்லாம் தின்னான், நானும் போட்டேன், ஒரு வருஷத்துல காதுக்கு மேல இருக்குற மடிப்பு தொங்கி கண்ணை இடிக்க ஆரம்பிச்சிருச்சு. நுணலும் தன் வாயால் கெடும்னு பழமொழி, அது கத்துறதைச் சொன்னது, வீட்டுத் தவளை திங்கறதால கெடும். அந்த மடிப்புதான் உங்க எடை மெஷின்: மடிப்பே தெரியலைன்னா மெலிவு, லேசா தெரிஞ்சா சரி, காதை மூடித் தொங்குனா டயட்.

குட்டிக்கு தினமும் இல்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு வருஷம் தாண்டுனா வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை, ஒரு வேளைக்கு அஞ்சாறு பூச்சி. விளக்கு அணைஞ்சப்புறம் போடுங்க, அப்பத்தான் முழிக்கும். பூச்சியோட நீளம் தவளையோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல இருக்குற இடைவெளியைத் தாண்டக் கூடாது. முக்கியமான சாப்பாடு கிரிக்கெட், அதான் நம்மூர் சுவர்க்கோழி, அப்புறம் வெட்டுக்கிளி, டூபியா கரப்பான், மண்புழு. வேக்ஸ் வொர்ம்ங்கிற புழு மாசம் ஒண்ணு ரெண்டு, அது தவளைக்கு ஜிலேபி மாதிரி, முழுக்கக் கொழுப்பு. எலிக்குஞ்சு போடுற வீடியோ பாத்திருப்பீங்க, வேண்டாம், தேவையே இல்ல. தோட்டத்துல புடிச்ச பூச்சியும் வேண்டாம், என்ன மருந்து தின்னுட்டு வந்துச்சோ.

பூச்சிக்கு ஒரு நாள் முன்னாடியே கேரட், கீரை போட்டு வயிறு ரொப்புங்க, அதோட சத்துதான் தவளைக்குப் போகுது. அப்புறம் ஒரு கப்புல பூச்சியைப் போட்டு கால்சியம் பவுடர் தூவி குலுக்கி, திருநீறு பூசுன மாதிரி ஆனதும் கொடுங்க. குட்டிக்கு எல்லா வேளையும், பெருசுக்கு ஒரு வேளை விட்டு ஒரு வேளை. வாரம் ஒரு தடவை கால்சியத்துக்குப் பதிலா மல்டிவிட்டமின், அதுல விட்டமின் ஏ இருக்கான்னு பாருங்க, ஏ குறைஞ்சா நாக்கு சரியா ஒட்டாது, பூச்சி மேல நாக்கு படும், ஆனா வழுக்கிடும், பாவமா இருக்கும். தின்னாத கிரிக்கெட்டை ராத்திரியே எடுத்துடுங்க, தூங்குற தவளையைக் கடிச்சு வைக்கும். நான் நீள இடுக்கியாலதான் கொடுக்கறேன், எத்தனை தின்னுச்சுன்னு கணக்கும் தெரியும்.

முழுங்கும்போது கண்ணை இறுக்கி மூடுறதைப் பாத்து என் மக "அப்பா, கசக்குதா அதுக்கு"ன்னு கேட்டா. கண்ணு முழி உள்ள இறங்கி சாப்பாட்டைத் தொண்டைக்குள்ள தள்ளுது, அவ்வளவுதான். அப்பப்ப வாயைப் பொளந்து கொட்டாவி விட்டு தோலைப் பிச்சுத் தானே தின்னும், அதுவும் இயல்புதான்.

தொடுறதும் சுத்தம் பண்றதும்

அம்மா வீடியோ கால்ல பாத்துட்டு "தேரையைப் போயி கையில வச்சிருக்கியே"ன்னு பதறுனாங்க. தேரைன்னு பயப்பட வேண்டாம், ஆனா அடிக்கடி தொட வேண்டாம்கிறதுல அம்மா சொல்றதுதான் சரி. தூக்கணும்னா கையை வெறும் தண்ணில நல்லா அலசி, ஈரத்தோடயே தூக்குங்க, இல்ல பவுடர் இல்லாத கிளவுஸை நனைச்சுப் போட்டுக்கோங்க. தொட்டு முடிச்சதும் சோப்பு போட்டுக் கழுவுங்க, அது நம்ம நல்லதுக்கு. சால்மொனெல்லாங்கிற பாக்டீரியா சாதாரண விஷயம் இல்ல, 2008ல இருந்து 2011 வரைக்கும் அமெரிக்காவுல தொட்டில வளர்க்குற ஆப்பிரிக்கக் குள்ளத் தவளைங்களால 376 பேருக்கு வந்துச்சு, அதுல நிறைய பேரு சின்னப் பசங்க. தவளைக் கிண்ணத்தை கிச்சன் சிங்க்ல கழுவாதீங்க, இதுக்கு வீட்ல சண்டையும் வரும்.

தினமும் கக்கா எடுத்துடுங்க, தண்ணி மாத்துங்க. வாரம் ஒரு தடவை கண்ணாடியை சுடுதண்ணி தொட்டுத் துடைங்க, பாத்திரம் விளக்குற லிக்விட், கண்ணாடி ஸ்ப்ரே ரெண்டும் ஆகாது. நார்த்தூளை ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. மண்ணுல ஸ்ப்ரிங்டெயில்னு வெள்ளையா பொடிசா ஒரு பூச்சி விட்டா அது பூஞ்சையைத் தின்னு வேலையைக் குறைக்கும்.

எப்ப டாக்டர்கிட்ட ஓடணும்

தொடையோ வயிறோ செகப்பா ஆனா, பகல் ராத்திரி பாக்காம தண்ணிக் கிண்ணத்துலயே உக்காந்திருந்தா, உடம்பு உப்புனா, ரெண்டு வாரமா சாப்பிடாம இருந்தா, பின்பக்கம் சதை வெளிய தள்ளுனா, தாடை வளைஞ்சு கால் நடுங்குனா, காத்திருக்காதீங்க. கடைசியா சொன்னது கால்சியம் குறைஞ்சு எலும்பு மெலியுற வியாதி. எல்லா கால்நடை டாக்டரும் தவளை பாக்க மாட்டாங்க, ஊர்வன, தவளை பாக்குற டாக்டர் உங்க ஏரியாவுல யாருன்னு தவளை வாங்குறதுக்கு முன்னாடியே போன் பண்ணிக் கேட்டு நம்பரைப் பிரிட்ஜ்ல ஒட்டுங்க. கொண்டு போக ஓட்டை போட்ட டப்பா, உள்ள நனைச்ச கிச்சன் டவல், கூடவே டேங்க் போட்டோவும் சூடு-ஈரம் எழுதுன நோட்டும். எனக்கு அந்த போட்டோதான் வியாதியைச் சொல்லிக் குடுத்துச்சு. மீனுக்கு வாங்குன மருந்தை நீங்களா ஊத்தாதீங்க.

ஊருக்குப் போறீங்கன்னா வளர்ந்த தவளை ஒரு வாரம் சாப்பாடு இல்லாம தாங்கும், தண்ணிதான் தினம் மாத்தணும். பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சாவி குடுத்து, டீகுளோரினேட்டர் கலந்த தண்ணியை ஏழு பாட்டில்ல ரொப்பி வச்சிட்டுப் போறது என் வழக்கம், அவரு கணக்குப் போட்டுக் குழம்ப வேண்டாம் பாருங்க.

இன்னொண்ணு, டேங்கை பெட்ரூம்ல வைக்காதீங்க. ஆணா இருந்தா கத்தும். தாடைக்கு அடியில தோல் சுருங்கி சாம்பல் நிறமா இருந்தா ஆணு. மழைச் சத்தம் கேட்டா கத்தும், ஷவர் சத்தம் கேட்டா கத்தும், வேக்குவம் கிளீனர் போட்டா பதில் சொல்லும். குண்டோதரன் முதல்ல எங்க ரூம்லதான் இருந்தான், நவம்பர் மழையில ராத்திரி 3 மணிக்கு ஆரம்பிச்சான், மறுநாளே ஹாலுக்கு மாத்திட்டோம்.